கோப்பின் கடைசியில் ஓர் உறை

என் அங்கியை நானேதான் இஸ்திரி போட்டுக்கொள்வேன். ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாள்கூடச் சுருங்கிய அங்கியோடு மேடை ஏறியதில்லை. கறுப்புத் துணியில் சுருக்கம் தெரியாது என்று பலரும் நினைக்கிறார்கள். கீழே நின்று வாதாடுகிற வக்கீலுக்குத் தெரியாமல் இருக்கலாம். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குத் தெரியும். இது என் அப்பா சொல்லிக்கொடுத்தது. அவர் எங்கள் மாவட்டத்தில், கவுண்டி என்போம், இருபத்தாறு வருடம் நீதிபதி. அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. ஹாலோவெல் நகர நீதிமன்றத்தின் மாடிப்படியில் இருவர் படமும் மாட்டியிருக்கிறது. மூன்றாவதாக ஒரு படத்துக்கு ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஏறி வந்தபோது பார்த்திருப்பீர்கள், திருமதி ஓகில்வி.

ஒலிப்பதிவுக் கருவியை நடுவில் வைத்தது சரி. காபி ஆறிவிடும், எடுத்துக்கொள்ளுங்கள். விசாரணைக் குழு உங்களை அனுப்பியிருக்கிறது, நீங்கள் கேள்வி கேட்கப் போகிறீர்கள். என்னைக் கேட்டால் பதில் சொல்வேன். பதிவில் கேட்கப்பட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னதில்லை. நீதிபதி நவோமி ஃபெரிஸ் உங்களுக்கு அனுப்பிய புகாரை மூன்று முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாள். இருபத்தாறு வயதில் என்னிடம் சட்ட உதவியாளராக வந்தபோதே அவள் எழுத்தில் ஒரு சொல் அதிகம் இருக்காது. அவள் எழுதியது அத்தனையும் உண்மை. அதைச் சொல்லிவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. ஆனால் காரணம் இல்லாத தீர்ப்பு தீர்ப்பாகாது. அதையும் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது, ஆகஸ்ட் பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் முடிந்து வந்து சாப்பிட்டு, பின்வாசல் நிழலில் நான் கோப்பு படித்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு ஆற்றோரம் புகை தெரிந்தது. விதைச் சோளக் கிடங்கு எரிந்தது. உள்ளே காவலாளி ஆர்வல் டிபெட்ஸ் மூட்டைகளின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அறுபத்தொரு வயது. ஞாயிற்றுக்கிழமையில் கிடங்கில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று ஊரில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். என் மகனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

தியோவுக்கு அப்போது பதினேழு. எங்கள் வீட்டில் யாரும் புகைப்பதில்லை. பெக்வித் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் புகைத்ததில்லை. தியோவுக்கு அது தெரியும். அதனால்தான் அவன் அதற்கென்று கிடங்கின் பின்பக்கம் வரை போக வேண்டியிருந்தது. ஐந்து மணிக்குச் சைக்கிளில் வந்தான். இரவுச் சாப்பாட்டுக்கு மேசையில் உட்கார்ந்தபோது புருவங்கள் பாதி இல்லை. இடது உள்ளங்கை கொப்பளித்திருந்தது. என் மனைவி மிரியம் எழுந்து போய் மருந்தும் துணியும் கொண்டுவந்தாள். நான் இறைச்சியை வெட்டி அவன் தட்டில் வைத்தேன், அவனால் கத்தி பிடிக்க முடியவில்லை என்பதால்.

நான் அவனை ஒன்றும் கேட்கவில்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பதில் பதிவாக வேண்டாம் என்று நினைக்கிற கேள்வியை நல்ல நீதிபதி கேட்பதில்லை. அவன் வாய் திறந்தான். “அப்பா, நான்...” என்றான். “சாப்பிடும்போது பேச வேண்டாம்” என்றேன். அது எங்கள் வீட்டில் எப்போதும் உள்ள வழக்கம்தான்.

அந்த மாதம் என் பெயர் வாஷிங்டனில் மேசை மேல் இருந்தது. எங்கள் பகுதி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு இடம் காலியாகியிருந்தது. பட்டியலில் மூன்று பேர். செப்டம்பரில் ஃபெடரல் புலனாய்வாளர்கள் இரண்டு பேர் என் பின்னணியை விசாரிக்க வந்தார்கள். மிரியம் அவர்களுக்கு ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்தாள். அண்டை வீட்டாரிடம் எல்லாம் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். வயதில் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்களைப் பத்திக் குறை சொல்ல ஒரு ஆளைக் கண்டுபிடிக்க முடியல சார். எங்களுக்கே சந்தேகமாயிடுச்சு.” மாடியில் தியோ இருந்தான். புருவம் வளர்ந்துவிட்டிருந்தது.

அதற்குள் டுவைட் ஸ்லோகம் கைதாகியிருந்தான். கிடங்கில் மூட்டை தூக்கியவன். தீப்பிடிக்க ஆறு நாள் முன்னால் வேலையிலிருந்து நீக்கப்பட்டவன். நீக்கிய அன்று, “இந்தக் கிடங்கே எரிஞ்சு சாம்பலாகட்டும்டா” என்று முதலாளியிடம் கத்தியதை நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். அவன் வண்டியில் பெட்ரோல் கேன் கிடைத்தது. எங்கள் ஊரில் பெட்ரோல் கேன் இல்லாத வண்டி எது என்று அவனுடைய வக்கீல் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தீ வைத்து உயிர் போனால் எங்கள் மாநிலத்தில் ஆயுள் தண்டனை. ஆயுள் என்றால் சாகும்வரை. ஜூரி மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. அடுத்த வருட வசந்தத்தில் செனட் என் நியமனத்தை உறுதி செய்தது. பதவியேற்பில் பைபிளைப் பிடித்துக்கொண்டு நின்றது தியோதான். இடது கையை அடியில் வைத்திருந்தான்.

அந்த வழக்கை நான் விசாரிக்கவில்லை. அதைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்குத் தண்டனை தருகிற சட்டப் பிரிவு எதுவும் எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன்.

எட்டு வருடம் நல்ல வருடங்கள். என்னுடைய தீர்ப்புகளைச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். சிறைக் கைதிகளின் தபால் பற்றி நான் எழுதிய இரண்டும் அதில் அடக்கம். அந்த விதியை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். கைதியால் தபால் நிலையத்துக்கு நடந்து போக முடியாது. தன் மனுவைக் காவலர் கையில் கொடுப்பதோடு அவன் செய்யக்கூடியது முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது எத்தனை நாள் எங்கே கிடந்தாலும் அவன் குற்றமில்லை. ஆகவே அவன் காவலர் கையில் கொடுத்த நாளே அது நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்த நாள் என்று கணக்கு. நியாயமான விதி. அதைக் குறுக்கப் பார்த்த கீழ்நீதிமன்றங்களை நான் இரண்டு முறை திருத்தியிருக்கிறேன்.

தொண்ணூற்றெட்டு அக்டோபரில் ஸ்லோகமின் மேல்முறையீடு எங்கள் அமர்வுக்கு வந்தது.

எந்த வழக்கு எந்த மூவருக்குப் போகும் என்பது குலுக்கலில் முடிவாகும். நான் அதைத் தொடவில்லை. பட்டியலில் என் பெயரைப் பார்த்ததும் ஒரு வரி எழுதி விலகியிருக்கலாம். விலகுகிற நீதிபதி காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஹாலோவெல்காரன் ஹாலோவெல் வழக்கிலிருந்து விலகினால், ஏன் என்று ஹாலோவெல் கேட்கும். அங்கே கேள்வி கேட்பவர்கள் பதிவுக் கருவியோடு வருவதில்லை.

மனுவை முழுவதும் படித்தேன். பதினான்கு தாள், பென்சில் எழுத்து. அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கிடங்குப் பின்பக்கமிருந்து வெளிர் முடி உள்ள ஓர் உயரமான பையன் சைக்கிளில் போனதை ஒரு பெண்மணி பார்த்ததாகப் போலீஸிடம் சொல்லியிருக்கிறார். அந்த வாக்குமூலத்தை அரசுத் தரப்பு ஸ்லோகமின் வக்கீலுக்குக் காட்டவே இல்லை. ஏழு வருடம் கழித்து அந்தப் பெண்மணியின் தங்கை ஸ்லோகமுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சாதாரணமாக இந்த ஒன்று போதும், வழக்கு மறுபடி திறக்கும். திறந்தால் முதல் கேள்வி, அந்தப் பையன் யார் என்பதுதான். ஹாலோவெல்லில் வெளிர் முடியோடு ஆறடி உயரம் வளர்ந்த பையன்கள் அந்த வருடம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை ஒரு மதியத்தில் எண்ணிவிடலாம்.

ஆனால் கீழ்நீதிமன்றம் அதற்குள் போகவே இல்லை. மனுவைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் தொண்ணூற்றேழு ஏப்ரல் இருபத்துநான்கு. நீதிமன்ற முத்திரை ஏப்ரல் இருபத்தொன்பது. ஐந்து நாள் தாமதம் என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். இருபத்திரண்டாம் தேதியே காவலரிடம் கொடுத்துவிட்டேன் என்று ஸ்லோகம் எங்களுக்கு எழுதியிருந்தான். அதை அவன் நிரூபிக்க வேண்டும். அவனிடம் வக்கீல் இல்லை. சிறைத் தபால் அறையில் அந்த வருடப் பதிவேட்டைக் கழித்துவிட்டிருந்தார்கள்.

நிரூபணம் கோப்பிலேயே இருந்தது. மனு வந்த பழுப்பு உறையை, கீழ்நீதிமன்றத்தில் யாரோ பொறுப்பான ஓர் ஊழியர் தூக்கிப் போடாமல், கடைசித் தாளின் பின்பக்கம் பின் அடித்து வைத்திருந்தார். உறையின் மூலையில் சிறைத் தபால் அறையின் நீல முத்திரை. ஏப்ரல் இருபத்திரண்டு. கீழ்நீதிமன்ற நீதிபதி கடைசித் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஸ்லோகம் அதைக் குறிப்பிடவில்லை. முத்திரையை எல்லோரும் பார்ப்பார்கள் என்று நம்பியிருப்பான்.

நான் திருப்பிப் பார்த்தேன். எப்போதும் பார்ப்பேன். கதவைச் சாத்தினேன். பின் எடுக்கும் கருவி நவோமியின் மேசையில் இருந்தது, அதனால் கையாலேயே இழுத்தேன். உறை கிழிந்து, நகக்கண் அளவு பழுப்புத் துணுக்கு ஒன்று பின்னுக்கடியில் மாட்டிக்கொண்டது. அதை அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. அறுபது வயது, கண்ணாடியை மாற்றியிருக்க வேண்டும். உறையை மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். கிழித்துப் போடவில்லை. நீதிமன்ற ஆவணத்தை அழிப்பது குற்றம்.

அடுத்த நாள் காலை நவோமி வந்தாள். எனக்கு முன்பே அவள் கோப்பைப் படித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“சார், அந்த ஸ்லோகம் கேஸ். கடைசித் தாளுக்குப் பின்னாடி ஒரு கவர் இருக்கே, அதைக் குறிப்புல எழுதிடட்டுமா? ஏப்ரல் இருபத்திரண்டுன்னு ஜெயில் முத்திரை இருக்கு. அவர் பக்கம் ஜெயிச்சிடும் சார்.”

“எந்தக் கவர், நவோமி?”

கோப்பை எடுத்து நானே கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினேன். என் கட்டைவிரல் பின் மேல் இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். முகத்தில் ரத்தம் ஏறியது.

“முந்தாநாள் பார்த்தேன் சார். நல்லா ஞாபகம் இருக்கு.”

“இந்த வாரம் ஜெயில் மனு எத்தனை படிச்சே?”

“நாப்பத்திரண்டு.”

“நாப்பத்திரண்டு கவர். எல்லாம் பழுப்பு. எல்லாத்துலயும் நீல முத்திரை.”

கோப்பை மூடினாள். பிறகு சிரித்தாள், கண் சிரிக்கவில்லை. “எனக்குத் தூக்கம் பத்தல போல சார். மன்னிச்சிடுங்க” என்றாள். நான் அவளுக்கு இரண்டு நாள் விடுமுறை கொடுத்தேன். திரும்பி வந்ததும் நன்றி சொல்லி ஒரு அட்டை எழுதி என் மேசையில் வைத்தாள். அது இன்னும் இருக்கிறது. அதன் பிறகு, இருபத்துநான்கு வருடமாக எந்தத் தாளையும் மூன்று தடவை பார்க்காமல் தன்னால் கையெழுத்துப் போட முடிந்ததில்லை என்று புகாரில் எழுதியிருக்கிறாள். நீதிபதிக்கு அது நல்ல பழக்கம்.

அந்த வாரம் மூவரும் கூடினோம். வாய்மொழி வாதம் இல்லாத வழக்குகள். சாண்ட்விச் தின்றுகொண்டே ஒரு மணி நேரத்தில் பத்து வழக்கு முடிப்போம். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மூவரில் இளையவர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும், மூத்தவர் சொன்னதைக் கேட்டு அவர் தலையாட்டிவிடக் கூடாது என்பதற்காக. அன்றைக்கு இளையவர் கார்மைக்கேல், வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

“இருபத்திரண்டாம் தேதியே குடுத்துட்டேன்னு அந்த ஆள் எழுதியிருக்கார்” என்றார். “கைதி தபால்ல நீங்களே எழுதின தீர்ப்பு இருக்கு, ஹார்லன். கீழ்க் கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்பி, என்னன்னு பார்க்கச் சொல்லலாமே.”

நான் சரி என்று தலையசைத்தேன். ஆதாரம் இருந்தால் அனுப்புவோம் என்றேன். கோப்பை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் புரட்டினார், கடைசித் தாள்வரை. பின்பக்கம் திருப்பவில்லை. யாரும் திருப்புவதில்லை.

ப்ரூயிட் என் வயதுக்காரர், வாயில் ரொட்டியோடு பேசுவார். “அஞ்சு நாள் லேட்டா? என் பொண்டாட்டி கல்யாணத்துக்கே அதைவிட லேட்டாத்தான் வந்தா. அவளை உள்ள விட்டுட்டு நான் படுற பாடு போதும்பா. இவனை விட வேண்டாம்” என்றார். கார்மைக்கேல் சிரித்துவிட்டார். சிரித்தபின் அவரால் எதிர்த்து வாக்களிக்க முடியவில்லை. வழக்கம் இருப்பது நல்லதுதான், ஆனால் எல்லாவற்றையும் அது காப்பாற்றாது.

மூத்தவன் என்ற முறையில் தீர்ப்பு எழுதும் பொறுப்பை யாருக்கும் தரலாம். நானே எடுத்துக்கொண்டேன். ஒரே பத்தி. தொகுப்பில் அச்சாகாத வகை. யாரும் மேற்கோள் காட்ட மாட்டார்கள், படிக்கவும் மாட்டார்கள். அதில் ஒரு வாக்கியம்: “மனுவை ஏப்ரல் இருபத்திரண்டில் ஒப்படைத்ததற்குக் கோப்பில் ஆதாரம் ஏதும் இல்லை.” பதிவில் நான் பொய் சொன்னதில்லை என்று சொன்னேன். இதையும் சேர்த்துத்தான் சொன்னேன். நான் எழுதிய நேரத்தில் கோப்பில் அது இல்லை.

ஸ்லோகம் மறுபடி எழுதினான். உறையைப் பாருங்கள், தயவுசெய்து உறையைப் பாருங்கள் என்று பென்சிலால் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தான். முன்பே எழுதியிருக்க வேண்டியது. அதையும் ஒரு வரியில் நிராகரித்தோம். அவனுக்கு இப்போது எழுபத்துமூன்று. சிறைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறான் என்றார்கள். இஸ்திரி போடுகிறானாம். கையைச் சுட்டுக்கொள்ளாமல் செய்யக் கற்றுக்கொண்டிருப்பான்.

நவோமி போன மாதம் ஆவணக் காப்பகத்திலிருந்து அந்தக் கோப்பை வரவழைத்துப் பார்த்திருக்கிறாள். பின் துருப்பிடித்திருக்கிறது. அதன் அடியில் அந்தத் துணுக்கு. என்னிடம் உள்ள உறையில் ஒரு மூலை இல்லை. இரண்டும் பொருந்தும், பரிசோதனைக்கு அனுப்பிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். என் மகனுக்காகச் செய்தேன். குழந்தை உள்ளவர்கள் யாராக இருந்தாலும் இதை மன்னிக்காவிட்டாலும் புரிந்துகொள்வார்கள். பதினேழு வயதில் ஒரு சிகரெட்டுக்காக ஒரு பையன் ஆயுள் முழுவதையும் கொடுக்க வேண்டுமா? சட்டம் கொடுக்கச் சொல்லும். அப்பா சொல்ல மாட்டான். அங்கியைக் கழற்றிவிட்டால் நானும் ஓர் அப்பாதான். என் அப்பாவும் அவருடைய அப்பாவும் எனக்காக அதைத்தான் செய்திருப்பார்கள். இதைத்தான் உங்கள் அறிக்கையில் நீங்கள் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன்.

நீங்கள் எழுதாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

சரி. அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள், பதிவில் தெளிவாக விழட்டும்.

“உங்க மகன் எப்ப இறந்தார், ஜட்ஜ்?”

தொண்ணூற்றெட்டு, பிப்ரவரி பன்னிரண்டு. ரத்தப் புற்றுநோய். இருபத்தைந்து வயது. ஸ்லோகமின் கோப்பு என் மேசைக்கு வந்தபோது எட்டு மாதம் ஆகியிருந்தது. கல்லறையில் கல் நட்டுவிட்டோம். ஆமாம், எந்தச் சிறையும் அவனை அதற்குப் பிறகு தொட்டிருக்க முடியாது. நீங்கள் அதை எண்ணிப் பார்த்துவிட்டீர்கள். நானும் எண்ணிப் பார்த்தேன், உறையைக் கையில் வைத்துக்கொண்டு. கல்லில் அவன் பெயருக்குக் கீழே எங்கள் குடும்பப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. என் பெயரும் அதுதான். மாடிப்படியில் இருக்கிற இருவர் பெயரும் அதுதான்.

இழுப்பறையில் இரண்டு உறை இருக்கின்றன. நவோமிக்கு ஒன்றைத்தான் தெரியும்.

இரண்டாவது தியோ மருத்துவமனையில் எழுதியது. கவுண்டி அரசு வழக்கறிஞருக்கு, நான்கு பக்கம். ஞாயிற்றுக்கிழமை, சிகரெட், சைக்கிள், ஆர்வல் டிபெட்ஸின் பெயர், டுவைட் ஸ்லோகமின் பெயர், எல்லாம் இருக்கிறது. அவனே நாக்கால் ஈரப்படுத்தித் தபால்தலை ஒட்டினான், கோணலாக ஒட்டியிருக்கிறது. தபால் பெட்டி அந்தத் தாழ்வாரத்தின் கோடியில்தான் இருந்தது, நாற்பது அடி. அவனால் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை.

“அப்பா, இதைப் போட்டுடுங்க” என்றான். அவன் என்னிடம் எதையும் கேட்டவனில்லை. வாங்கி உள்பையில் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு ஒன்பது நாள் இருந்தான். மூன்று முறை கேட்டான், “போட்டாச்சாப்பா?” என்று. “ஆச்சு” என்றேன். அவன் தூங்கினான். நன்றாகத் தூங்கினான் என்று செவிலி சொன்னாள்.

இதோ, இரண்டும். எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சிறை முத்திரை இருக்கிறது, தேதி தெரியும். மற்றதில் தபால்தலை மட்டும்தான், முத்திரை விழவே இல்லை. எந்தத் தேதியில் அது தாக்கலானதாகக் கொள்வது என்று உங்கள் குழு குழம்பலாம். அதற்கு விதி இருக்கிறது. நானே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். தானே நடந்து போக முடியாதவன் தன் காவலன் கையில் கொடுத்த நாள்தான் கணக்கு.

தியோ அதை என் கையில் கொடுத்தது பிப்ரவரி மூன்று, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. அந்தத் தேதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.